சிறியன பாடிய மூவர்

1981ஆம் ஆண்டின் இறுதி நாள்களில் ஜப்பானின் ஒசாகா நகரத்து இளம்பெண்கள் மூவர் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். யமானோ நவோகோ கிதார் வாசித்துப் பாடினார். அவருடைய தங்கை அட்சுகோ டிரம்ஸ் வாசித்தார். தோழி நகதானி மிச்சியே பேஸ் கிதாரை ஏற்றார். பென்சில் சீவும் மடக்குக்கத்தி ஒன்றின் வணிகப் பெயரே குழுவின் பெயராயிற்று: ஷோனென் நைஃப். ‘ஷோனென்’ என்றால் சிறுவன். மழலைத்தன்மையும் கூர்மையும் ஒருங்கே அமைந்த இப்பெயர் பின்னர் அவர்களுடைய பாடல்களுக்கும் பொருந்திற்று.

அக்காலத்தில் ஜப்பானிய வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கோலோச்சியவர்கள் ‘ஐடல்’ எனப்பட்ட இளம் பாடகியர். 1980இல் அறிமுகமான மட்சுதா செய்கோ அவர்களுள் தலையாயவர். அப்பாடகியர் பாடிய காதல் ஏக்கத்தைப் பெரும்பாலும் தொழில்முறைப் பாடலாசிரியர்களே எழுதினர்; அவர்களுள் மிகப் பலர் ஆடவர். பெண் பாடினாள், சொல் அவளுடையதன்று. மறுபுறம், 1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த பங்க் இசையின் அலை ஜப்பானை எட்டியிருந்தது. ஒசாகா, கியோட்டோ வட்டாரத்துச் சிறு அரங்குகளில் இரைச்சலையே இசையாகக் கொண்ட ஹிஜோகைதான் போன்ற குழுக்கள் முழங்கின. மூன்று சுருதிக்கூட்டுகள் தெரிந்தால் யாரும் மேடையேறலாம் என்ற துணிவைப் பங்க் தந்தது. கூடவே, சினந்துதான் பாடவேண்டும் என்ற எழுதப்படாத விதியையும் தந்தது.

ஷோனென் நைஃப் துணிவை எடுத்துக்கொண்டது, விதியை விட்டுவிட்டது. நியூயார்க்கின் ரமோன்ஸ் குழுவிடமிருந்து வேகத்தையும் சுருக்கத்தையும், பீட்டில்ஸிடமிருந்து இன்னிசை மெட்டையும் கற்றது. காதலைப் பாடக் கூச்சமாக இருந்ததால் உணவையும் விலங்குகளையும் பாடியதாக நவோகோ பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். எளிய விடைதான். ஆயினும் ஒரு பெண் எதைப் பாடவேண்டும் என்று ஒரு தொழிலே வகுத்து வைத்திருந்த காலத்தில், அக்கூச்சம் ஒரு மறுப்பாகவும் நின்றது.

ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘பர்னிங் ஃபார்ம்’ என்னும் இசைத்தொகுப்பில் பாத்திரம் தேய்க்கும் நார்க்கட்டு பற்றி ஒரு பாடல் உண்டு. ‘கமெனோகோ தவாஷி’ என்னும் அந்த நார்க்கட்டு 1907இல் உருவாக்கப்பட்டது, ஆமை வடிவினது, ஜப்பானியச் சமையலறைகளில் தலைமுறைகளாகப் பழகியது. அதற்கு ஒரு பாட்டு! 1986இல் வந்த தொகுப்பில் பொதுக்குளியலறைக்கு ஒரு பாட்டு, சாக்லேட்டுக்கு ஒன்று, நீர்நிலைகளில் உறைவதாக நம்பப்படும் ‘கப்பா’ என்னும் பூதத்துக்கு ஒன்று. 1991ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயர் ‘712’. ஏழு, ஒன்று, இரண்டு ஆகியவற்றின் ஜப்பானிய ஒலிகளைச் சுருக்கிச் சேர்த்தால் ‘நைஃபு’ என்று வரும், அதாவது கத்தி.

இவை குழந்தைப் பாடல்கள் என்று ஒதுக்கியவர்கள் ஒலியைக் கவனிக்கவில்லை. கிதார் கரகரக்கிறது, டிரம்ஸ் சில இடங்களில் தாளத்தை முந்துகிறது. குரலில் நடுக்கமோ குழைவோ கெஞ்சலோ இல்லை. செய்தி சொல்வதுபோல் நேராக வருகிறது. மிட்டாயைப் பாடும்போதும் கேட்பவரைக் கொஞ்சாத குரல் அது. ‘ட்விஸ்ட் பார்பி’ பாடலில் மேலைநாட்டுப் பொம்மையின் அழகு மெச்சப்படுகிறது. மெச்சுவது ஆசையா, நையாண்டியா என்பதை அக்குரல் கடைசிவரை சொல்வதில்லை.

மூவரும் பல ஆண்டுகள் பகலில் வேலைக்குச் சென்றனர். இசைக்கு மிஞ்சியது ஓய்வுநேரமே. மேடை உடைகளை அட்சுகோவே வடிவமைத்தார். இத்தகைய குடிசைத்தொழிலுக்கு ஏற்ற வாகனமாக ஒலிநாடா வாய்த்தது. 1985இல் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரத்துக் கே ரெக்கார்ட்ஸ் ‘பர்னிங் ஃபார்ம்’ தொகுப்பை ஒலிநாடாவாக வெளியிட்டது. 1989இல் சோனிக் யூத், எல்7, ரெட் கிராஸ் முதலிய அமெரிக்கக் குழுக்கள் இவர்களுடைய பாடல்களைத் தாமே பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டன.

நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் இவர்கள்பால் தீராப் பற்றுக் கொண்டவர். அவருடைய குறிப்பேட்டில் உள்ள விருப்பத் தொகுப்புகளின் பட்டியலிலும் ‘பர்னிங் ஃபார்ம்’ இடம்பெற்றுள்ளது. 1991இன் பிற்பகுதியில் பிரிட்டனில் தம்முடன் சுற்றுப்பயணம் செய்ய அவர்களை நிர்வாணா அழைத்தது. அதுவரை அக்குழுவை அறியாத நவோகோ இசைத்தட்டை வாங்கி, படத்தைக் கண்டு அஞ்சினாராம். பழகியபின் மென்மையானவர்கள் என்று உணர்ந்தாராம்.

மேற்கின் அந்த அன்பில் ஒரு குறையும் இருந்தது. ‘அழகிய ஜப்பானியப் பொம்மைகள்’ என்ற பார்வை பல இதழ்களில் தலைகாட்டியது. சொந்தமாக எழுதி, இசையமைத்து, வாசித்த பெண்கள் என்ற உண்மை பின்னுக்குப் போயிற்று. 1992இல் பெரிய நிறுவனத்தின்வழி வந்த ‘லெட்ஸ் நைஃப்’ பழைய பாடல்கள் பலவற்றைப் புதிதாகப் பதிவுசெய்து, ஆங்கிலத்திலும் தந்தது. ஒலி தெளிந்தது, ஆனால் பழைய நாடாவில் இருந்த, அறைக்குள்ளிருந்து கேட்பது போன்ற நெருக்கம் குறைந்தது.

1999இல் மிச்சியே விலகினார். குழுவுடன் டிரம்ஸ் வாசித்துவந்த நிஷியுரா மனா 2005 நவம்பரில் அமெரிக்காவில் சாலை விபத்தில் இறந்தார். பின்னர் அட்சுகோ அமெரிக்காவில் குடியேற, நவோகோ இளையவர்களைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார். முப்பதாம் ஆண்டை ஒட்டி 2011இல் வந்த ‘ஒசாகா ரமோன்ஸ்’ முழுவதும் தாம் பாடம் கற்ற குழுவின் பாடல்களே. 2023இல் வெளியான ‘அவர் பெஸ்ட் பிளேஸ்’ தொகுப்பில், அறுபதைக் கடந்த நவோகோ காரமான காய்கறிக் குழம்பைப் பற்றிப் பாடியிருக்கிறார்.