அரசன் கை பட்டால் ஆறும் நோய்

கழுத்தில் நெறிகட்டி, கட்டிகள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்து நிற்கும் நோயைத் தமிழ் மருத்துவம் கண்டமாலை என்கிறது. காசநோய்க் கிருமி நிணநீர்க் கணுக்களில் குடியேறுவதால் வருவது இது. தொடக்கத்தில் வலி அதிகம் இராது. நாளடைவில் கட்டி பழுத்து உடைந்து சீழ் வடியும்; நாற்றம் எடுக்கும்; ஆறிய இடத்திலும் ஆயுளுக்கும் அழியாத வடு நிற்கும். இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைகளையும் ஏழைகளையும் இந்த நோய் பெரிதும் வாட்டியது. நோயுற்ற பசுவின் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பது மிகப் பிற்காலத்தில்தான் தெரியவந்தது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் இதற்கு ‘அரசரின் நோய்’ என்றே பெயர் வழங்கியது. முடிசூடிய அரசன் தன் கையால் கட்டியைத் தொட்டால் நோய் போய்விடும் என்ற நம்பிக்கை அந்த இரு நாடுகளிலும் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது.

வழக்கத்தின் தொடக்கம் பிரான்சில் தென்படுகிறது. 987இல் அரியணை ஏறிய காப்பேத்திய மரபு புதிய மரபு. பழைய அரச குலத்தின் பெருமை அதற்கு இல்லை. அந்த மரபின் இரண்டாம் அரசரான ராபர்ட் (996–1031) நோயாளிகளின் புண்களைத் தொட்டுச் சிலுவைக் குறியிட்டுக் குணப்படுத்தினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய எல்கோ என்ற துறவி குறிக்கிறார். அடுத்த நூற்றாண்டில் கிபேர் என்ற மடத்துத் தலைவர், ஆறாம் லூயி கண்டமாலை நோயாளிகளைத் தொட்டதைத் தாமே அருகில் நின்று பார்த்ததாக எழுதினார். லூயியின் தந்தை முதலாம் பிலிப்புக்கும் அந்த ஆற்றல் இருந்தது, பாவங்களால் அதை இழந்தார் என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். ஆங்கிலேயர்கள் தங்கள் பங்குக்கு, 1066இல் இறந்த புனித எட்வர்ட் அரசரை இந்த ஆற்றலின் மூலவராகக் கொண்டாடினார்கள். ஆனால் 1125ஐ ஒட்டி எழுதிய மாம்ஸ்பரி வில்லியம் என்ற வரலாற்றாசிரியர் இதற்கு மறுப்புச் சொன்னார்: எட்வர்ட் குணப்படுத்தியது அவருடைய புனிதத்தால், அரச இரத்தத்தால் அல்ல. அரசனின் கையில் இருப்பது தனிமனிதத் தவமா, பதவியின் வல்லமையா என்ற இந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை. ஊன்றிப் பார்த்தால், வழக்கத்தின் வரலாறே அந்த வழக்கின் வரலாறுதான்.

ஓர் அரசர் எப்போதாவது தொட்டார் என்பது வேறு, அரண்மனையின் நடைமுறையாக ஆண்டுதோறும் தொட்டார் என்பது வேறு. பின்னது 13ஆம் நூற்றாண்டுக்கு முன் உறுதிப்படவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டின் காலத்துக்கு வரும்போது ஐயத்துக்கு இடமில்லை. அவர் தொட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பென்னி தானமாகக் கொடுக்கப்பட்டது. அரண்மனைக் கணக்கர்கள் அதைப் பதிந்து வைத்தார்கள். அவர்கள் எண்ணியது காசை. நோயாளிகளின் எண்ணிக்கை அதிலிருந்து நமக்குத் தானாகக் கிடைக்கிறது. ஆட்சியின் 18ஆம் ஆண்டில் மட்டும் 1,700 பேருக்கு மேல். அவர்களில் ஒருவருடைய முகமும் கணக்கில் இல்லை. நடக்க முடியாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தந்தை, வழிச்செலவுக்காக எதையோ விற்ற விதவை, இவர்களெல்லாம் பென்னிகளாகவே வரலாற்றில் நிற்கிறார்கள்.

நோயாளி தேடி வந்தது குணத்தை. அரசனுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிய ஒன்று: தானே உண்மையான அரசன் என்பதற்கான சான்று. 1340இல் பிரான்சின் அரியணைக்கு உரிமை கோரிய மூன்றாம் எட்வர்டின் தூதர் வெனிஸ் நகரத் தலைவரின் முன் நின்று ஒரு சவாலை எடுத்துரைத்தார். பிரான்சை அப்போது ஆண்ட ஆறாம் பிலிப் உண்மையான பிரெஞ்சு அரசரென்றால் எட்வர்டோடு நேருக்கு நேர் போரிடட்டும். அல்லது பசித்த சிங்கங்களின் முன் போய் நிற்கட்டும். அதுவும் முடியாவிட்டால் உண்மை அரசர்கள் செய்வதுபோல் நோயாளிகளைக் குணப்படுத்திக் காட்டட்டும். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் இரு அரச குடும்பங்கள் அரியணைக்காக மோதியபோது, சர் ஜான் ஃபோர்டெஸ்க்யூ என்ற சட்ட அறிஞர் இதே கருவியைக் கையில் எடுத்தார். ஆறாம் ஹென்றியின் கையே குணப்படுத்துகிறது என்றார். பெண்களின் கைகளில் முடிசூட்டின் புனித எண்ணெய் பூசப்படுவதில்லை, ஆகவே பெண்வழியில் இந்த ஆற்றல் இறங்காது என்றும் வாதாடினார். நூறாண்டுக்குள் மேரியும் எலிசபெத்தும் அரியணையில் அமர்ந்து ஆயிரக்கணக்கானோரைத் தொட்டார்கள். எவரும் ஃபோர்டெஸ்க்யூவை நினைவுபடுத்தவில்லை.

சடங்குக்கு நிலையான வடிவம் கொடுத்தவர் ஏழாம் ஹென்றி (1485–1509). போர்க்களத்தில் முடியை வென்ற அவருக்கு உரிமைச் சான்று மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது. நோயாளி மண்டியிட, மதகுரு மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதியை வாசிப்பார்; அரசர் இரு கைகளாலும் கட்டியைத் தடவுவார். எல்லோரையும் தொட்டு முடித்த பிறகு, யோவான் நற்செய்தியின் தொடக்கம் வாசிக்கப்படும்போது, நாடாவில் கோத்த பொற்காசு ஒன்றை ஒவ்வொருவர் கழுத்திலும் அரசரே அணிவிப்பார். மிக்கேல் தேவதூதர் அரக்கப் பாம்பை வீழ்த்தும் உருவம் பொறித்த அந்த நாணயத்துக்கு ஏஞ்சல் என்று பெயர். மதிப்பு 6 ஷில்லிங் 8 பென்ஸ். கைத்தொழிலாளி ஒருவரின் ஏறக்குறைய இரண்டு வாரக் கூலி. காசைக் கழற்றினால் நோய் திரும்பும் என்ற நம்பிக்கையும் உடனே முளைத்தது. பொன்னுக்காக நோயில்லாதவர்களும் வரிசையில் நிற்கத் தொடங்கவே, அரண்மனை அறுவை மருத்துவர்கள் முன்கூட்டியே கழுத்தைச் சோதித்தார்கள். இதற்குமுன் தொடப்படாதவர் என்று ஊர்க் கோயில் குரு எழுதிய சான்றிதழும் பின்னர் கட்டாயமானது.

சமயச் சீர்திருத்தம் புனிதர்களின் எலும்புகளையும் யாத்திரைகளையும் இங்கிலாந்திலிருந்து துடைத்தெறிந்தது. இந்த ஒரு சடங்கை மட்டும் விட்டுவைத்தது. 1570இல் போப்பாண்டவர் எலிசபெத்தைச் சபையிலிருந்து விலக்கியபோது, அரசியின் கை இன்னும் குணப்படுத்துகிறதே, விலக்கு எங்கே பலித்தது என்று அவருடைய ஆதரவாளர்கள் கேட்டார்கள். 1603இல் வந்த முதலாம் ஜேம்ஸ், அற்புதங்களின் காலம் முடிந்துவிட்டது என்று கருதியவர். தொடத் தயங்கினார். ஆலோசகர்கள் விடவில்லை, சிலுவைக் குறியை மட்டும் நீக்கிவிட்டுத் தொட்டார். அவருடைய மகன் முதலாம் சார்லஸ் 1647இல் நாடாளுமன்றத்தின் கைதியாக இருந்தபோதும் நோயாளிகள் அவரைத் தேடிக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1649 ஜனவரி 30 அன்று அவர் தலை வெட்டப்பட்டபோது, அவருடைய இரத்தத்தில் நனைத்த துணிகளுக்கும் குணமாக்கும் ஆற்றல் உண்டு என்று நம்பினார்கள். ஆட்சியைப் பிடித்த கிராம்வெல் எவரையும் தொடவில்லை.

வழக்கம் உச்சத்தைத் தொட்டது இரண்டாம் சார்லஸ் காலத்தில். அரச அறுவை மருத்துவர் ஜான் பிரவுன் 1684இல் வெளியிட்ட நூலின்படி, 1660 முதல் 1682 வரை 90,000க்கு மேற்பட்டோர் அவரிடம் தொடுகை பெற்றார்கள். நியூட்டனும் பாயிலும் வாழ்ந்த காலம் அது. அரசக் கழகம் அறிவியலை வளர்த்துக்கொண்டிருந்த அதே லண்டன். இதை முரண்பாடாகக் காண்பது இன்றைய கண். உள்நாட்டுப் போரும் அரசக்கொலையும் கடந்து வந்த மக்களுக்கு, அரசர் திரும்பிவிட்டார் என்பதை உடலால் உணர்வதற்கு இந்தச் சடங்கு ஒரு வழி. அந்த ஏக்கத்துக்கு விலையும் கொடுத்தார்கள். 1684 மார்ச்சில் அனுமதிச் சீட்டு வாங்க மருத்துவரின் வாசலில் திரண்ட நெரிசலில் ஆறேழு பேர் மிதிபட்டு இறந்ததை ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1689இல் வந்த மூன்றாம் வில்லியம் இதை மூடநம்பிக்கை என்று மறுத்துவிட்டார். ஆன் அரசி மீண்டும் தொடங்கினார். அவர் 1712 மார்ச்சில் தொட்டவர்களுள் லிச்ஃபீல்டு நகரிலிருந்து வந்த இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றும் இருந்தது: பின்னாளில் ஆங்கில அகராதியைத் தொகுத்த சாமுவேல் ஜான்சன். அவரை அனுப்பிவைத்தவர் பாமரர் அல்லர்; சர் ஜான் ஃபிளாயர் என்ற பேர்பெற்ற மருத்துவர். ஜான்சனுக்கு நோய் தீரவில்லை. பின்னர் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. தழும்பும் பார்வைக் குறையும் கடைசிவரை இருந்தன. ஆயினும் அரசி அணிவித்த பதக்கத்தை அவர் வாழ்நாள் முழுதும் கழற்றவில்லை. 1714இல் ஆன் இறந்தார். அடுத்து வந்த முதலாம் ஜார்ஜ் வழக்கத்தைக் கைவிட்டார்.

முதலாம் ஜேம்ஸின் வழிவந்து, அரியணை இழந்து நாடு கடந்த ஸ்டூவர்ட் குடும்பத்தினர் வெளிநாட்டில் இருந்தபடியே தொட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றிப் பேசுவதே அரசியல் குற்றமாகப் பார்க்கப்பட்டது. தாமஸ் கார்ட் என்பவர் 1747இல் வெளியிட்ட இங்கிலாந்து வரலாற்றில், பிரிஸ்டல் நகரத் தொழிலாளி ஒருவர் அவிஞ்யோன் சென்று ஸ்டூவர்ட் வாரிசிடம் தொடுகை பெற்றுக் குணமானார் என்று ஓர் அடிக்குறிப்பு இருந்தது. அந்த ஓர் அடிக்குறிப்புக்காக லண்டன் நகராட்சி அவருக்கு அளித்துவந்த நிதியை நிறுத்தியது. அந்தத் தொழிலாளிக்கு நோய் திரும்பி, அவர் முன்பே இறந்துபோயிருந்தார்.

பிரான்சில் வழக்கம் ரீம்ஸ் நகர முடிசூட்டோடு பிணைந்திருந்தது. புனித எண்ணெய் பூசப்பட்ட அரசர், கொர்பெனியில் உள்ள புனித மார்க்கூல் கோயிலில் வழிபட்ட பிறகே தொடும் தகுதி பெறுவார் என்பது பிற்கால முறை. அரசர் தொடுகிறார், இறைவன் குணமாக்குகிறார் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை ஒவ்வொருவரிடமும் சொல்வார். பதினான்காம் லூயி 1654இல் முடிசூடியபோது ஈராயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொட்டார். பிரான்சோடு போரிட்ட ஸ்பெயினிலிருந்தும் நோயாளிகள் வருவதுண்டு. முதலில் இதை முறித்தது அறிவொளிக் கால எழுத்தாளர்களின் கேலியன்று. பதினைந்தாம் லூயி தம் காதல் உறவைக் கைவிட மறுத்ததால் 1739 ஈஸ்டரில் நற்கருணை பெற முடியவில்லை. நற்கருணை பெறாத அரசர் தொடவும் கூடாது என்பதால் வழக்கம் முறிந்தது. பதினாறாம் லூயி 1775இல் 2,400 பேரைத் தொட்டார். 1793இல் புரட்சியாளர்கள் அவருடைய தலையையும், பின்னர் ரீம்ஸின் புனித எண்ணெய்க் குப்பியையும் ஒழித்தார்கள். இறுதியாக, 1825 மே 31 அன்று பத்தாம் சார்லஸ் ரீம்ஸ் மருத்துவமனையில் 120 பேரளவில் தொட்டார். அதன்பின் எந்த அரசரும் தொடவில்லை.

இத்தனை நூற்றாண்டு எப்படி நம்பினார்கள்? 1924இல் வெளிவந்த தம் பெரும் நூலில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் இதை விளக்கினார். கண்டமாலை அடங்கி அடங்கிக் கிளம்பும் நோய். சிலருக்கு மாதக் கணக்கில் தானாகவே ஆறிவிடும். குணம் உடனே கிடைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தொட்ட ஓராண்டுக்குப் பின் ஆறினாலும் அது அரசரின் கணக்கில் சேர்ந்தது. ஆறாதவர்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள். அற்புதம் நடக்கும் என்ற எதிர்பார்ப்பே அற்புதத்தில் நம்பிக்கையை உண்டாக்கியது என்பது பிளாக்கின் முடிவு. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் வதந்திகள் பரவிய விதத்தை நேரில் கண்டவர் அவர். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்ததற்காக 1944 ஜூன் 16 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய விளக்கத்தோடு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அன்றைய மருத்துவர்களிடம் கத்தியும் சுடுமருந்தும் தவிர வேறில்லை. வலியின்றித் தொட்டுப் பொன் அணிவிக்கும் கையை நாடியவர்களை அறியாதவர்கள் என்று தள்ளுவது நியாயமாகாது.

அரண்மனையில் ஒழிந்த நம்பிக்கை இலக்கியத்தில் தங்கியது. ‘மெக்பெத்’ நாடகத்தில் புனித எட்வர்டின் தொடுகையை ஷேக்ஸ்பியர் விவரித்தபோது, அரியணையில் இருந்தவர் தொடத் தயங்கிய அதே ஜேம்ஸ். 1955இல் வந்த டோல்கீனின் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ நாவலில் நோயே மாயநோயாகிறது. நாஸ்கூல் என்ற நிழலுருக்களின் அருகில் சென்றவர்களைப் பற்றும் ‘கரிய மூச்சு’ அது. உடல் குளிர்ந்து, கெட்ட கனவில் ஆழ்ந்து, பேச்சடங்கிச் சாவார்கள். அரியணைக்கு உரிய வாரிசான அரகோர்ன் அதெலாஸ் என்ற மூலிகை இலையோடு வந்து கைவைத்து ஃபாரமிர், எயோவின், மெரி என்ற மூவரையும் மீட்கிறார். அரசனின் கை குணமாக்கும், உரிய அரசனை அதனால் அறியலாம் என்ற பழமொழியை அங்கே ஒரு கிழவி நினைவுகூர்கிறாள். அவர் அரசர் என்பதை ஊர் முடிசூட்டுக்கு முன்பே அந்தக் கையால் அறிந்துகொள்கிறது. 1340இல் வெனிஸில் ஒலித்த வாதம் கற்பனை உலகில் அப்படியே உயிர்பெற்றிருக்கிறது.

உண்மை நோயின் காரணத்தை 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து வெளிப்படுத்தினார். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறை பரவியபோது ஐரோப்பாவில் குழந்தைகளின் கண்டமாலை வெகுவாகக் குறைந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. இந்தியாவில் நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய்களில் கழுத்து நெறிக்கட்டி இன்றும் மிகுதியாகக் காணப்படும் வகைகளில் ஒன்று. பெரும்பாலோருக்கு ஆறு மாத மாத்திரையில் அது முழுமையாகக் குணமாகிறது. அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.