சிபில் கார்த்திகேசு

சிபில் கார்த்திகேசு (3 செப்டம்பர் 1899 – 12 ஜூன் 1948) மலாயாவைச் சேர்ந்த தாதி, மருத்துவச்சி. ஜப்பானியர் ஆட்சியின்போது பேராக் மாநிலத்தின் பாப்பான் என்ற சிற்றூரில், காட்டிலிருந்து போராடிய கெரில்லாக்களுக்கு மறைவாக மருத்துவம் பார்த்தார். அதற்காகச் சித்திரவதைக்கும் சிறைக்கும் ஆளாகி, அந்தக் காயங்களாலேயே உயிரிழந்தார். பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற மலாயாப் பெண் இவர் ஒருவரே. கணவர் வழியில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தவர்.

சுமாத்ராத் தீவின் மேடான் நகரில் பிறந்ததால் இவருக்கு இட்ட பெயர் சிபில் மேடான் டேலி. தந்தை ஜோசப் டேலி பெருந்தோட்டக்காரர். பெற்றோர் இருவருமே ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழியினர். தாய் மருத்துவச்சி, மகளும் அதே தொழிலைக் கற்றார். சிபில் கன்டனீஸ் மொழியைத் தங்கு தடையின்றிப் பேசுவார். ஈயச் சுரங்கங்களை நம்பிச் சீனர்கள் பெருந்திரளாகக் குடியேறிய பேராக்கில், நோயாளியின் மொழியிலேயே வலியைக் கேட்டறியக்கூடிய தாதி கிடைப்பது அரிது. பின்னாளில் இவர் எடுத்துக்கொண்ட பணிக்கு இந்த மொழியே வாசலாயிற்று.

தைப்பிங்கைச் சேர்ந்த மருத்துவர் ஆறுமுகம் கணபதிப்பிள்ளை இந்துவாகப் பிறந்தவர். சிபில் கத்தோலிக்கர். மத வேறுபாட்டால் எழுந்த எதிர்ப்பைக் கடந்து, 1919 ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மணமகன் அப்டோன் கிளமெண்ட் கார்த்திகேசு ஆனார். அவ்வாண்டே பிறந்த முதல் ஆண் குழந்தை ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. அக்குழந்தைக்கு மைக்கேல் என்று பெயரிட்டிருந்தனர். 1915இல் கலிப்போலிப் போர்முனையில் இறந்த சிபிலின் அண்ணன் பெயர் அது. பிறகு வில்லியம் என்ற சிறுவனைத் தத்தெடுத்தனர். ஓல்கா, டான் என்ற இரு மகள்கள் பிறந்தனர். 1926 முதல் ஈப்போவின் புருஸ்டர் சாலையில் கணவனும் மனைவியும் சேர்ந்து மருத்துவமனை நடத்திவந்தனர்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். மாத முடிவுக்குள் ஈப்போ அவர்கள் கையில். அடுத்த பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் விழுந்தது. சீனாவில் 1937 முதல் மூண்டிருந்த போருக்கு மலாயாச் சீனர்கள் நிதி திரட்டி அனுப்பியவர்கள், ஜப்பானியப் பொருள்களை வாங்க மறுத்தவர்கள். வந்து சேர்ந்த படை அதை மறக்கவில்லை. சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கி எடுத்துக் கொன்றனர். எஞ்சிய இளைஞர் பலர் காடேறினர். அவர்கள் சேர்ந்தது மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்பு ராணுவத்தில். தலைமை கம்யூனிஸ்டுகளிடம், வீரர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்.

ஈப்போ விழுவதற்குச் சில நாள்களுக்கு முன்பே கார்த்திகேசு குடும்பம் பாப்பானுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஈப்போவுக்குத் தென்மேற்கே கிந்தா பள்ளத்தாக்கில் உள்ள பழைய ஈயச் சுரங்க ஊர் அது. பெரிய தெரு 74ஆம் எண் வீடு மருந்தகமும் ஆனது. முன்வாசல் வழியாகப் பகலில் ஊர்மக்கள் காய்ச்சலோடும் பிரசவ வலியோடும் வந்தார்கள். இரவில் பின்வாசல் வழியாகக் காட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மலேரியாவில் நடுங்கியவர்கள், ஆறாத புண்ணோடு வந்தவர்கள், குண்டு பாய்ந்தவர்கள். குண்டை எடுத்துக் கட்டுப்போட்டு, விடிவதற்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். மருந்துக்குத் தட்டுப்பாடு நிலவிய அந்த நாள்களில், இருந்ததில் ஒரு பங்கு காட்டுக்குப் போனது.

வீட்டில் சிற்றலை வானொலியும் இருந்தது. வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டால் தலை போகும் காலம். மாடிப்படிக்கு அடியில் மறைத்து வைத்து, பிபிசி செய்தியைக் கேட்டு, கேட்டதைக் கெரில்லாக்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஜப்பானியப் பத்திரிகைகள் வெற்றியை மட்டுமே அச்சிட்டுக்கொண்டிருந்தபோது, போர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது இப்படித்தான். மருந்தைப் போலவே அந்தச் செய்தியும் அவர்களைத் தாங்கியிருக்கும் என்றே கருத வேண்டும்.

1943 நடுப்பகுதியில் காட்டிக்கொடுப்பு நடந்தது. முதலில் மருத்துவர், பிறகு ஆகஸ்டில் சிபில் கைதானார். கெம்பித்தாய் எனப்படும் ஜப்பானிய ராணுவக் காவல்படை கேட்டது பெயர்களைத்தான்: யார் வந்தார்கள், யார் அழைத்துவந்தார்கள், மருந்து யார் கையில் போனது. வாய்வழியே நீரை ஊற்றி வயிற்றை மிதித்தனர். காய்ச்சிய இரும்பால் சுட்டனர். அடியில் முதுகெலும்பு சேதமாகி, நடக்க முடியாமற்போனார். யோஷிமுரா என்ற சார்ஜெண்ட் இளைய மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டினான். ஏழு வயதை எட்டாத பிள்ளை. தாய் அப்போதும் பெயர் சொல்லவில்லை. குழந்தை பிழைத்தது. தன் உடம்பைப் பணயம் வைக்கத் துணிவோர் எல்லாப் போரிலும் உண்டு. பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே நெருப்பின் மேல் வைத்துப் பார்த்தும், தன்னிடம் சிகிச்சை பெற்ற இளைஞர்களைக் காட்டிக்கொடுக்காத அந்த நேரத்தை எந்த அளவுகோலாலும் அளக்க முடியாது. விசாரணைக்குப் பின் இவர் பத்து காஜா சிறைக்கு அனுப்பப்பட்டார்.

அதே பத்து காஜா சிறையில்தான் சீன மேஜர் ஜெனரல் லிம் போ செங்கின் வாழ்வும் முடிந்தது. 1909இல் ஃபூஜியன் மாகாணத்தில் பிறந்து, பதின்வயதில் சிங்கப்பூர் வந்து வணிகரான அவர், சீனப் போர் நிதி இயக்கத்தில் முன்னின்றவர். சிங்கப்பூர் விழும் தறுவாயில் மனைவி மக்களை விட்டுத் தப்பினார். பிரிட்டிஷாரின் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136இல் சேர்ந்தார். அப்படையின் சீன உளவாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது இந்தியாவில். அவர்களைச் சுமந்த நீர்மூழ்கிக் கப்பல்கள் கிளம்பியது இலங்கையிலிருந்து. 1943 நவம்பரில் பேராக் கரையில் இறங்கிய லிம், அடுத்த மார்ச்சில் பிடிபட்டார். கூட்டாளிகளின் பெயரை அவரும் சொல்லவில்லை. சித்திரவதையாலும் வயிற்றுக்கடுப்பாலும் 1944 ஜூன் 29 அன்று சிறையிலேயே இறந்தார், வயது 35. மேஜர் ஜெனரல் பட்டம் சீன அரசு அவர் இறந்த பிறகு அளித்தது. 1946 ஜனவரியில் சிங்கப்பூர் மெக்ரிச்சி நீர்த்தேக்கக் கரையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். 1954இல் எஸ்பிளனேடில் நினைவுச்சின்னம் எழுந்தது. லிம்மைக் கரையிறக்கிய திட்டம், காட்டுப் படையோடு கைகோக்கவே வகுக்கப்பட்டது. அந்தக் காட்டுப் படையின் ஆட்களுக்குத்தான் பாப்பான் வீட்டின் பின்வாசல் இரவில் திறந்தது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் சிபில் விடுதலையானார். சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அறுவைச் சிகிச்சைகளுக்கு இடையே தன் நினைவுகளை எழுதினார். அவை ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற நூலாக 1954இல், அவர் மறைவுக்குப் பின், வெளிவந்தன. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் மன்னர் ஆறாம் ஜார்ஜிடமிருந்து ஜார்ஜ் பதக்கம் பெற்றார். சிறையில் தாடையில் விழுந்த பூட்ஸ் உதையின் பழைய தழும்பு சீழ்ப்பிடித்து, நஞ்சு ரத்தத்தில் கலந்து, 1948 ஜூன் 12 அன்று காலமானார். வயது 48. முதலில் ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கமான உடல், 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

இவர் இறந்த நான்காம் நாள், 1948 ஜூன் 16 அன்று, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜப்பானியரை எதிர்த்த அதே கம்யூனிஸ்டுகள் இப்போது பிரிட்டிஷ் அரசின் எதிரிகள். 1960 வரை நீண்ட அந்தச் சண்டையில், இவருக்குப் பதக்கம் கொடுத்த அரசே இவரிடம் கட்டுப்போட்டுக்கொண்டவர்களை வேட்டையாடியது. இவருடைய தொண்டைப் பொதுவெளியில் விரிவாகப் பேசுவது பல காலம் சங்கடமானதற்கு இது ஒரு காரணம்.

தமிழர் நினைவிலும் இவருக்கான இடம் குறுகியதே. மலாயாத் தமிழர் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று சொல்லும் அந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றிய பேச்சில் இரண்டு கதைகள் நிறைந்து நிற்கின்றன. ஒன்று, தோட்டத் தொழிலாளரைக் கூட்டம் கூட்டமாக விழுங்கிய சயாம் மரண ரயில். மற்றொன்று, நேதாஜி போஸின் இந்திய தேசிய ராணுவம். கார்த்திகேசு குடும்பம் கைதான அதே மாதங்களில்தான், 1943 ஜூலையில், போஸ் சிங்கப்பூரில் படைப் பொறுப்பை ஏற்றார். தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் அந்த ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். இந்திய விடுதலைக்காக ஜப்பானியரோடு கைகோத்தவர்களும், ஜப்பானியரிடமிருந்து அயலாரைக் காக்கத் தம்மைக் கொடுத்தவர்களும் ஒரே சமூகத்தில் இருந்தார்கள். முதலாமவரைப் போற்றுவதற்காக இரண்டாமவரை மறக்க வேண்டியதில்லை. 1938இல் இந்திய மருத்துவக் குழுவோடு சீனா சென்று, 1942இல் அங்கேயே உயிர்விட்ட துவாரகாநாத் கோட்னிஸை இந்தியா நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. சிபிலின் பெயரையும் அவரோடு சேர்த்துச் சொல்வதே முறை.

ஈப்போவின் ஃபேர் பார்க் பகுதியில் ஒரு சாலை இவர் பெயர் தாங்குகிறது. பாப்பானின் 74ஆம் எண் வீடு நினைவிடமாகப் பேணப்பட்டது. 2010இல் இவர் வாழ்க்கை மலேசியத் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பானது. சிபிலாக நடித்த எலைன் டேலி இவருடைய குடும்பத்தைச் சேர்ந்தவர். 2016 செப்டம்பர் 3 அன்று, இவரது 117ஆம் பிறந்தநாளில், கூகுள் தன் முகப்பில் இவர் சித்திரத்தை வெளியிட்டது. மருத்துவர் கார்த்திகேசு 1972இல் காலமானார்.