பட்டிப் பொங்கலும் அப்புச்சியின் கிணறும்

மற்ற ஊர்க்காரர்களுக்கு அது மாட்டுப் பொங்கல். எங்கள் கொங்குப் பக்கம் அதற்குப் பெயர் பட்டிப் பொங்கல். பண்டிகை என்ற சொல்லையே எங்கள் பெரியவர்கள் அதிகம் சொல்ல மாட்டார்கள். எல்லாமே "நோம்பி" தான். பி.காம். படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தத் தை மாதம் காங்கயம் பக்கத்தில் உள்ள அம்மா ஊரில் நடந்த ஒரு வாக்குவாதம்தான் இதை எழுத வைத்தது.

முதலில் நோம்பி பற்றிச் சொல்லிவிடுகிறேன். மார்கழி கடைசி நாள் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு எரவாணத்திலும் பட்டியிலும் செருகுவோம். பட்டிப் பொங்கலன்று மாட்டுக் கட்டுத்தரைக்கு முன்னால் மண்ணும் சாணியும் குழைத்து, வரப்பு கட்டி, ஒரு சின்ன "தெப்பக்குளம்" செய்வார்கள். அதில் தண்ணீர் ஊற்றிப் பூப்போட்டு, பூஜை முடிந்ததும் மாட்டை விட்டு மிதிக்கச் செய்வார்கள்.

மாட்டு நோம்பியில் குளம் எதற்கு? சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை.

கொங்கு நாடு மழை குறைந்த பூமி. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துவிடும். இங்கே வெள்ளாமை என்றால் கிணறுதான். கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டு வந்தது மாடு. அதற்குக் கவலை இறைப்பது என்று பெயர் (மற்ற ஊர்களில் கமலை). இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுத்தால் சால் மேலே வரும். எங்கள் அப்புச்சி பத்து வயதிலேயே கவலை ஓட்டியவர். அப்போது மாடு நின்றால் தண்ணீரும் நின்றுவிடும்.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மோட்டாரை இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்பார்கள். பிறகு கோவை பம்புசெட்டுக்கே பெயர் பெற்ற ஊரானது. எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வந்தது 1968-ல். அம்மிச்சி கல்யாணமாகி வந்த புதிது. அன்றோடு கவலை நின்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1972-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளோடு வந்து கோவை நகரத்தையே ஸ்தம்பிக்க வைத்தார்கள். அப்புச்சியும் வண்டி கட்டிப் போனார். மாட்டின் வேலையைப் பிடுங்கிய மோட்டாருக்காகப் போராட, மாடே வர வேண்டியிருந்தது :)

1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. எங்கள் ஊரில் போர் ஆழமாகிக்கொண்டே போனது. பட்டியில் மாடு குறைந்துகொண்டே வந்தது. அப்புச்சி இப்போது இல்லை. போன ஐப்பசியில் மாமா கடைசிப் பசுவையும் விற்றுவிட்டார். பார்க்க ஆள் இல்லை, தீவனச் செலவு கட்டுபடி ஆகவில்லை. கணக்குப் படிக்கிறவன் என்ற முறையில் அவரை என்னால் குறை சொல்ல முடியாது.

வாக்குவாதம் இதுதான். "மாடே இல்லாத பட்டியில தெப்பக்குளம் எதுக்கு?" என்றார் மாமா. அம்மிச்சி மண் குழைப்பதை நிறுத்தவே இல்லை. "மாடு போச்சுன்னா தண்ணி வேண்டாமாடா சாமி?" என்று மட்டும் கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கன்றை இரவல் வாங்கி ஓட்டி வந்தார். அது பயந்து பயந்து கால் வைத்தது. குளம் உடைந்து தண்ணீர் கட்டுத்தரை முழுக்க ஓடியது.

அந்தக் குளத்தின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் கொண்டு வந்த மாட்டுக்கு, வருடத்தில் ஒரு நாள் நாம் தண்ணீர் கட்டி வைக்கிறோம். இது என் கணிப்புதான், அம்மிச்சி இப்படி விளக்கமெல்லாம் சொல்லவில்லை.

அம்மிச்சிக்கு இப்போது முழங்கால் வலி. அடுத்த தை மாதம் மண் குழைக்கப் போவது யார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. வரப்பு எத்தனை விரல் உயரம் வைக்க வேண்டும் என்று மட்டும் நான் கேட்டு வைத்துக்கொண்டேன்.