அம்பிட்டிய மலைக்கு வந்த மூன்று கோர்ட்டுகள்

1893ஆம் ஆண்டு ஹியூகோ ரீமன் என்ற ஜெர்மானிய இசையறிஞரின் பாடநூல் ஒன்று வெளியானது. மேலைத்தேய இசையில் எத்தனை விதமான கோர்ட்டுகள் வந்தாலும் அவை செய்யும் வேலை மூன்றே மூன்றுதான் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உள்ளூர்க் குருக்களை உருவாக்கவென்று கண்டியில் ஒரு குருமடத்தை நிறுவினார். கண்டி வாவியைத் தாண்டி அம்பிட்டிய மலையில் எழுந்த அந்த இடத்தில் இன்று இலங்கையின் தேசிய குருமடம் இயங்குகிறது.

நூலுக்கும் மலைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் ரீமன் சொன்ன அந்த மூன்றும் அம்பிட்டியவுக்கு வந்து சேர்ந்தன. கப்பலில், ரயிலில், வேதப் பாட்டில், நாடக மேடையில், கல்யாண வீட்டுக் கிற்றாரில் என்று பல வழிகளில் வந்தன. வந்த பொருள் அந்நியமானதுதான். அதை விளங்கிக்கொள்ளும் காதோ நம்மிடம் முன்பே இருந்தது. இந்தப் பயணத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

பிறப்பு

கோர்ட் என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. குறைந்தது மூன்று சுரம் வேண்டும். அதன் பிறப்பிடம் ஐரோப்பா என்றுதான் நூல்கள் சொல்லும். அதன் விதை எந்தத் தந்தியிலும் இருக்கிறது. மீட்டிய தந்தி முழுநீளமாக அதிரும்போதே பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், ஐந்தில் ஒன்றாகவும் அதிர்கிறது. ச என்று சேர்த்த தந்தியில் மூன்றில் ஒரு பங்கு பஞ்சமத்தையும் ஐந்தில் ஒரு பங்கு காந்தாரத்தையும் தருகின்றன. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில், எந்தத் தந்தியும் காந்தாரத்துக்குச் சேர்க்கப்படாதபோதும் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும் என்பது நம் வித்துவான்களுக்குப் பழக்கமான அனுபவம். ச, க, ப மூன்றும் அங்கே பிறந்துவிட்டன. மேஜர் கோர்ட் என்று கிற்றார் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது இந்த மூன்றையும்தான்.

ஐரோப்பியத் தேவாலயங்கள் பல நூற்றாண்டு காலம் ஒற்றை வரிசையாகத்தான் பாடின. பிறகு இரண்டு குரல், மூன்று குரல், நான்கு குரல் என்று பாட்டு விரிந்தது. அந்தக் குரல்கள் சந்திக்கும் இடங்களைத் தனிப் பொருளாகப் பிடித்து இலக்கணம் எழுதியவர் பிரெஞ்சுக்காரரான ழான் பிலிப் ராமோ. 1722இல் வந்த அவருடைய நூல், ச க ப, க ப ச, ப ச க என்று எதை அடியில் வைத்தாலும் அது ஒரே கோர்ட்தான் என்று நிறுவியது. அன்று முதல் கோர்ட்டுக்குத் தனி அடையாளம் கிடைத்தது. அந்தக் கோர்ட்டுகளுக்கு வேலை பிரித்துக்கொடுத்தவர் ரீமன்.

மூன்று வேலைகள்

சங்கராபரணத்தின் ஏழு சுரங்களை எடுத்துக்கொள்வோம். மேலைத்தேயத்தார் மேஜர் ஸ்கேல் என்பதும் இதே ஏழு சுரங்களைத்தான். ஒரு சுரம் விட்டு ஒரு சுரம் எடுத்தால் கோர்ட் வரும். ச, க, ப முதல் கோர்ட். ம, த, ச நான்காவது. ப, நி, ரி ஐந்தாவது. இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: ஏழு சுரமும் வந்துவிட்டன. சங்கராபரணத்தில் எந்த எளிய மெட்டைப் பாடினாலும் இந்த மூன்றில் ஒன்று அடியில் நின்று தாங்கும். மூன்றே கோர்ட் தெரிந்தவர் ஊர்வலம் முழுக்க வாசித்துவிட முடிவது இதனால்தான்.

முதல் கோர்ட் வீடு. பாட்டு அங்கே தொடங்கும், அங்கே அடங்கும். நான்காவது, வீட்டைவிட்டு வெளியே இறங்கி நடப்பது. வீட்டோடு ச என்ற சுரத்தைப் பகிர்ந்துகொள்வதால் அது போனாலும் தூரமாகத் தோன்றாது. ஐந்தாவது, திரும்பி வரவேண்டும் என்ற தவிப்பு. ப நி ரி என்பதோடு ம என்ற சுரத்தையும் சேர்த்தால் தவிப்பு இன்னும் கூடும். நி, ச என்ற சுரத்துக்கு அரைச்சுரம் கீழே நிற்கிறது. ம, க என்ற சுரத்துக்கு அரைச்சுரம் மேலே நிற்கிறது. முன்னது ஏறி ச ஆகிறது, பின்னது இறங்கி க ஆகிறது. இரண்டும் ஒரே நொடியில் வீடு சேரும்போது காதுக்குள் ஏற்படும் நிம்மதிக்காகவே ஐரோப்பிய இசையின் முந்நூறு ஆண்டுகள் கட்டப்பட்டன என்று சொன்னால் அது மிகையில்லை.

மற்றக் கோர்ட்டுகள் இந்த மூவரின் உறவினர். த, ச, க என்ற ஆறாவது கோர்ட்டில் வீட்டின் இரண்டு சுரங்கள் இருக்கின்றன. அதனால் வீட்டுக்குப் பதிலாக அது நிற்க முடியும். ஐந்தாவதில் தவிக்கவிட்டு வீட்டுக்குப் போகாமல் ஆறாவதில் போய் நின்றால், எதிர்பார்த்தவர் நெஞ்சு ஒரு கணம் கனக்கும். ரி, ம, த என்ற இரண்டாவது, நான்காவதின் வேலையைச் செய்யும்.

கிற்றார் பழகுபவர் முதலில் பிடிக்கும் கோர்ட்டுகளில் ஜி ஒன்று. விரல்கள் மாறாத அதே ஜி, ஜி கீயில், அதாவது ஜி என்ற சுரத்தையே ச ஆக வைத்துப் பாடும்போது, வீடு. சி கீயில் அதுவே ஐந்தாவது. டி கீயில் அதுவே நான்காவது. ஆகவே ஒரு கோர்ட்டின் பொருள் விரலில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. தொடக்க மாணவருக்கு இதுதான் முதல் பாடமாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதைச் சொல்லாமல் கோர்ட் படங்களை மட்டும் மனப்பாடம் செய்யக் கொடுத்தால் பிள்ளைக்கு விரல் வலிதான் மிஞ்சும்.

கரையும் மலையும்

1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் இறங்கினார்கள். அவர்கள் காலத்துக் கலப்பில் தோன்றிய கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் பாட்டும் கரையோர ஊர்களில் வேர்விட்டன. மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் அதை இன்றும் வயலினும் கிற்றாருமாக வாசிக்கிறார்கள். வீடு, நடை, தவிப்பு மூன்றும் அந்தத் துள்ளல் தாளத்தோடு தீவுக்குள் வந்தன.

மலைநாடு நெடுங்காலம் இந்தக் கலப்புக்கு வெளியே இருந்தது. 1815 வரை கண்டி தனி இராச்சியம். தலதா மாளிகையின் கெட்ட பெரயவும் தவுலும் தம்மெட்டமும் ஹொரணாவும் சேர்ந்து எழுப்பும் முழக்கத்துக்குக் கோர்ட் தேவைப்படவில்லை. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் தப்பையும் உடுக்கையும் காமன் கூத்தையும் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கும் அது தேவைப்படவில்லை. தாளமும் ஒற்றை மெட்டும் போதும் என்று இருந்த மலைக்கு 1867இல் ரயில் வந்தது.

தோட்டத் தமிழர் நடுவே 1854 முதல் இயங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற அமைப்புகளின் ஆராதனைகளில் பாமாலையும் கீர்த்தனையும் அருகருகே இருந்தன. தமிழ்ச் சொற்கள் ஐரோப்பிய மெட்டில் ஏறியது இதற்கு வெகு முன்பு, 1706இல் ஜெர்மானிய மிஷனரிகள் இறங்கிய தரங்கம்பாடியில். பாமாலை நான்கு குரல் கோர்ட்டோடு நடக்கும். கீர்த்தனை இராகத்தோடும் தாளத்தோடும் நடக்கும். பாமாலையின் முடிவில் நீண்டு ஒலிக்கும் ஆமென் வழமையாக நான்காவதிலிருந்து வீட்டுக்கு இறங்கும். தவிப்பில்லாமல், இறங்கிப்போனவர் அமைதியாகத் திரும்புவதுபோல் இருக்கும். இலக்கணம் தெரியாத பாட்டிமாரும் அந்த இறக்கத்தைச் சரியாகப் பாடினார்கள்.

கோர்ட்டை இழந்த பெட்டி

இந்தப் பயணத்தில் ஆர்மோனியம் தனி அத்தியாயம். 1840களின் தொடக்கத்தில் பாரிசில் அலெக்சாண்டர் டெபெயின் இதற்குக் காப்புரிமை பெற்றார். கால்கள் காற்றை ஊத, இரண்டு கைகளும் கட்டைகளில் இருக்கும். கோர்ட் வாசிப்பதற்கென்றே பிறந்த வாத்தியம் அது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக மாற்றினார். ஒரு கை துருத்திக்குப் போய்விட்டது. மிஞ்சிய ஒரு கை மெட்டை வாசித்தது. கோர்ட்டின் இடத்தில் அசையாத சுருதி வந்து உட்கார்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் கொழும்பில் ஆடியபோது இந்தப் பெட்டியின் ஓசையும் இங்கே பரவியது. சிங்கள நூர்த்தியும் தமிழ் இசை நாடகமும் அதை அணைத்துக்கொண்டன.

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. நம் கமகங்களை அந்தக் கட்டைகள் தரமாட்டா என்பது வாதம். ஆனால் அதே கட்டைகள் நம் பாடகர்களுக்கு ஒரு அளவுகோலைக் கொடுத்துவிட்டன. ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி, ஐந்தரை என்றால் அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. ஐந்தரைக் கட்டையில் பாடுகிறேன் என்று சொல்லும் பாடகி தன் கீயைத்தான் சொல்கிறார். கீ என்ற கருத்து தமிழருக்குப் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியதில்லை. ச எங்கே என்று கேட்டால் போதும்.

அம்பிட்டியவில்

குருமடத்துக்கு இந்தியாவின் பல மறைமாவட்டங்களிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். பின்னாளில் கர்தினாலான கேரளத்தின் ஜோசப் பாரேக்காட்டில் அங்கே படித்தவர். வழிபாட்டின் மொழி இலத்தீன். 1903இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை கிரகோரியன் கீதத்தை மேலான வழிபாட்டு இசையாக நிறுத்தியது. ஆர்கன் துணை அனுமதிக்கப்பட்டது. பியானோவும் ஓசை மிகுந்த கருவிகளும் கோயிலுக்குள் தடுக்கப்பட்டன.

கிரகோரியன் கீதம் ஒற்றை வரிசை இசை. கோர்ட் இல்லாமலே நிற்கக்கூடியது. எட்டு முறைகளில் அமைந்த அந்தக் கீதங்களில் ஒவ்வொரு முறைக்கும் பாட்டு வந்து அடங்கும் ஒரு சுரம் உண்டு. ஆதார சட்ஜத்தில் ஊறிய தமிழ் மாணவர் ஒருவருக்கு அந்த இலத்தீன் கீதம் மொழியால் தூரம், இசையால் கிட்ட. ஐரோப்பாவும் ஒருகாலத்தில் ஒரே ஒரு வீட்டுச் சுரத்தைச் சுற்றித்தான் பாடியது என்ற உண்மை, ஐரோப்பியக் கோயிலின் உள்ளிருந்தே கேட்கக் கிடைத்தது.

1955இல் குருமடம் இந்தியாவின் பூனாவுக்கு இடம்பெயர்ந்தது. அம்பிட்டிய, லங்கா மாதா தேசிய குருமடமானது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டை வெளியிட்டு, தாய்மொழிக்கும் அந்தந்த நாட்டு இசை மரபுக்கும் வழி திறந்தது. தமிழ், சிங்களப் பூசைப் பாட்டுகள் பெருகின. கிற்றாரும் பின்பு கீபோர்டும் பலிபீடத்தின் அருகே வந்தன. தடுக்கப்பட்டிருந்த வாசலால் மூன்று கோர்ட்டுகளும் உள்ளே நுழைந்தன.

பைலாவிலிருந்து திரை வரை

அதே காலத்தில் வெளியே இன்னொரு ஓட்டம். வொலி பஸ்தியன் கஃப்ரிஞ்ஞாவை இருபதாம் நூற்றாண்டின் பைலாவாக வளர்த்தார். பெரும்பாலான பைலாக்கள் இரண்டு மூன்று கோர்ட்டுக்குள் அடங்கிவிடும். அந்தத் தாளத்தில் தமிழைப் பாடினார்கள் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும். இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை பிறந்தது. மனோகரன் பாடிப் பரவிய ‘சுராங்கனி’ பாக்குநீரிணையைக் கடந்து 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் ஒலித்தது. தரங்கம்பாடியில் தமிழைத் தொட்ட பொருள் பைலா உருவில் மறுபடி தமிழ்நாட்டுக்குப் போன கணம் அது.

தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசை பயின்ற இளையராஜா கோர்ட்டின் இன்னொரு சக்தியைத் தமிழ்க் காதுக்குப் பழக்கினார். அதை நீங்களே சோதிக்கலாம். ச என்ற சுரத்தை நீட்டிப் பாடுங்கள். அடியில் ஒருவர் ச க ப வாசிக்கட்டும்: நிறைவு. பாடும் சுரத்தை மாற்றாமல் அடியில் ம த ச வாசிக்கட்டும்: அதே ச இப்போது வெளியூரில் நிற்கும். அடுத்து த ச க வாசிக்கட்டும்: ஒரு துயரம் படியும். பாடியவர் மயிரிழையும் அசையவில்லை. அடித்தளம்தான் நகர்ந்தது. நம் இசையில் அடித்தளம் அசையாது, மெட்டு நகர்ந்து பொருள் சொல்லும். மேலைத்தேய இசையில் அடித்தளமும் நகர்ந்து பொருள் சொல்லும். ஆனால் இரண்டுக்கும் வீடு ஒன்று வேண்டும்.

இலங்கைப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம், மேலைத்தேய சங்கீதம், கீழைத்தேய சங்கீதம் மூன்றும் தனித்தனிப் பாடங்கள். ஒன்றை எடுத்த பிள்ளைக்கு மற்றதன் வாசம் படுவதில்லை. கண்டி போன்ற ஊரில் இது பெரிய இழப்பு. ஒரே தெருவில் ஹொரணாவும் நாதஸ்வரமும் தேவாலயப் பாட்டும் கேட்டு வளரும் பிள்ளைகள் அவர்கள். சரளிவரிசை பாடத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு ச க ப, ம த ச, ப நி ரி மூன்றையும் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு போதும். ஒரு கீபோர்டும் பொறுமையுள்ள ஆசிரியரும் இருந்தால் அடுத்த வகுப்பிலேயே அந்தப் பிள்ளை தன் கீதத்துக்குத் தானே அடித்தளம் போடும். இராகத்தின் நுட்பம் கெட்டுவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. எந்த இடத்தில் கோர்ட் துணைநிற்கிறது, எந்தக் கமகத்தில் அது விலகி வழிவிட வேண்டும் என்பதை இரண்டும் தெரிந்த காதுதான் சொல்லும். அந்தக் காதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஆசிரியர்களாகிய நம் கையில் இருக்கிறது.