அரசாங்கக் கட்டட வேலையும் ஊர் வழக்கிலுள்ள கூலியும்

அரசாங்கம் ஒரு கட்டடம் எழுப்பக் கருதின், கேள்விப்பத்திரங் கோரி, குறைந்த தொகை குறித்தவரிடம் வேலையை ஒப்படைத்தல் வழக்கம். வரிப்பணத்தைக் காத்தற்கு இஃது ஏற்ற முறையே. ஆனால், சீமெந்தும் இரும்பும் எல்லா ஒப்பந்தகாரருக்கும் ஏறக்குறைய ஒரே விலையிற் கிடைப்பன. எளிதிற் குறைக்கக்கூடியது தொழிலாளியின் கூலியே. சிக்கனம் விரும்பிய அரசாங்கம் இவ்வாறு தன்னையறியாமலே கூலியை வீழ்த்துங் கருவியாயிற்று. கான்சாஸ் மாநிலமும் பிரித்தானியப் பொதுமக்கள் சபையும் 1891இலேயே இதற்குப் பரிகாரந் தேடின. எனினும், இப்பொருளின் சிக்கல்களை நன்கு காட்டுவது ஐக்கிய அமெரிக்காவின் டேவிஸ்-பேக்கன் சட்டமாகும்.

நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டில் முன்னாட் போர்வீரருக்கென ஒரு வைத்தியசாலை கட்டும் வேலை, அலபாமாவைச் சேர்ந்த ஒப்பந்தகாரர் ஒருவருக்குக் கிடைத்தது. அவர் தென்பகுதியிலிருந்து தொழிலாளரைத் திரளாகக் கொணர்ந்து, குடிசைகளிற் குடியிருத்தி, மிகக் குறைந்த கூலி கொடுத்தார். அத்தொகுதியின் பிரதிநிதியாகிய றொபேட் பேக்கன் 1927இல் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார், அது நிறைவேறவில்லை. பின்னர்ப் பொருளாதார மந்தத்தால் வேலையின்மை பெருகவே, முன்னர்த் தொழில் அமைச்சராயிருந்த செனற்றர் ஜேம்ஸ் டேவிஸும் முன்னின்றார். 1931 மார்ச் 3ஆந் திகதி ஜனாதிபதி ஹூவர் சட்டத்திற் கையொப்பமிட்டார்.

அவ்வாறு கொணரப்பட்டோரிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதை மறைத்து இவ்வரலாற்றைக் கூறுதல் நேர்மையாகாது. சட்டத்தின் வாசகம் நிறத்தைக் குறிக்கவில்லை. சபை விவாதத்திற் சிலர் வெளிப்படையாகவே குறித்தனர். கட்டடத் தொழிற்சங்கங்கள் பல கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்த அந்நாளில், குறைந்த கூலிக்கு உழைத்தலே அவர்களிற் பலருக்கு வேலை பெறும் வழியாயிருந்தது. சுரண்டலைத் தடுத்த சட்டம் அவ்வழியையும் அடைத்தது. இவ்விரண்டும் உண்மையே, ஒன்றைக் கொண்டு மற்றதை மறுத்தல் இயலாது.

1931ஆம் ஆண்டுச் சட்டத்திற் பெருங் குறையொன்றிருந்தது. வழக்கிலுள்ள கூலிக்குக் குறையாமற் கொடுக்கவேண்டும் என்றதேயன்றி, அக்கூலி யாதென்று முன்னரே அறிவிக்கவில்லை. பிணக்கு எழுந்தபின்னரே தீர்ப்பு. அதற்குள் நேர்மையாகக் கணக்கிட்டவர் ஒப்பந்தத்தை இழந்திருப்பார். கூலியைக் கையிற் கொடுத்து, ஒரு பகுதியை மறைவில் மீளப்பெறும் வஞ்சகமும் நடந்தது. இதனை 1934ஆம் ஆண்டுக் கோப்லன்ட் சட்டம் குற்றமாக்கியது. அடுத்த ஆண்டுத் திருத்தம் கூலி விகிதங்களைக் கேள்விப்பத்திர அறிவித்தலிலேயே குறிக்கச் செய்து, ஒப்பந்தத்தொகையின் எல்லையை 5,000 டொலரிலிருந்து 2,000 டொலராக இறக்கிற்று.

ஆயின், 'வழக்கிலுள்ள கூலி' எது? பெரும்பான்மையோர் ஒரே கூலி பெறாதவிடத்து, நூற்றுக்கு 30 பேராயினும் பெறுங் கூலியே கொள்ளப்பட்டது. சங்கக் கூலி சதம் பிசகாது ஒன்றாயிருத்தலின், பலவிடங்களில் அதுவே ஊர்க் கூலியாயிற்று. றீகன் ஆட்சி இவ்விதியை 1983இல் நீக்கி, பெரும்பான்மைக் கூலி இல்லாதவிடத்துச் சராசரியைக் கொண்டது. 40 ஆண்டுகளின் பின், 2023இல், தொழில் திணைக்களம் 30 வீத விதியை மீண்டும் நிலைநாட்டியது.