பரணும் மச்சும்

அரண்மனைகளையும் கோபுரங்களையும் பற்றிப் பேசுவதற்கு வரலாற்று ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டின் பரணைப் பற்றிப் பேச யாரும் முன்வருவதில்லை. ஏணி வைத்து ஏறி, தலையில் ஒட்டடை படிய, குனிந்தபடியே நுழைய வேண்டிய இடம் அது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்று நான் அறிந்துகொண்டது நூல்களைப் படித்து அன்று. ஒரு தவறு செய்தபின்தான்.

காவிரிக் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றில் என் பாட்டனார் கட்டிய வீடு இருக்கிறது. மேலே நாட்டு ஓடு. அதன் கீழே பனங்கட்டைகளை நெருக்கமாக இட்டு, பலகை பரப்பி, பலகையின்மேல் கனமாக மண் பூசிய மச்சு. 1984-ஆம் ஆண்டு, குரங்குகள் கலைத்த ஓட்டை ஆண்டுதோறும் மாற்றி மாளாமல், மங்களூர் ஓடு போடத் துணிந்தேன். அப்போது மச்சின் மண்ணையும் அள்ளிக் கொல்லையில் கொட்டினேன். கட்டைகளுக்கு அது வீண் சுமை, பொழுதெல்லாம் புழுதி உதிர்க்கிறது என்பது என் வாதம். வேலை முடிந்ததும் மச்சு தூய்மையாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். பரண் முதலில் வீட்டுப்பொருள் அன்று, காட்டுப்பொருள். தினைப்புனத்தில் கிளி கடியும் மகளிர் அமர்ந்திருந்த உயர்ந்த மேடையைச் சங்கப் புலவர்கள் இதணம் என்றும் கழுது என்றும் பாடினார்கள். விலங்கும் ஈரமும் எட்டாத உயரத்தில் பொருளையோ ஆளையோ வைப்பது அதன் பயன். அந்தப் பயனே பின்னர் வீட்டுக்குள்ளும் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கொங்கு நாட்டார் அட்டாலி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அடுப்புக்கு மேலே விறகும் விதையும் வைத்த பரண் ஒன்று. கூடத்துக்கும் அறைக்கும் மேலே பலகை பரப்பிய மச்சு மற்றொன்று. இரண்டையும் இன்று நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பழையவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை.

மச்சில் மண் ஏன்? முதற்காரணம் நெருப்பு. கீற்றுக் கூரை வேய்ந்த ஊரில் ஒரு வீடு பற்றினால் தெருவே பற்றும். கூரை எரிந்து விழும்போது அது மண் மச்சின்மேல் விழுந்து அவியும். கீழே உள்ள நெல்லும் பெட்டியும் பிழைக்கும். இரண்டாவது காரணம் வெயில். கூரைக்கும் மச்சுக்கும் இடையே அடைபட்ட காற்று சூட்டை எளிதில் கடத்துவதில்லை. கடந்து வரும் சூட்டை ஈரங்குல மண் மெல்ல மெல்ல வாங்கிக்கொள்கிறது. பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்தபின்தான் அதைத் திருப்பித் தருகிறது. மேலை நாடுகளில் வீட்டுக் கூரைக்கடியில் கண்ணாடிப் பஞ்சை மெத்தைபோல் விரித்து அடுப்பின் சூடு வெளியேறாமல் காக்கிறார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் அங்கே அந்த வழக்கம் பெரிதும் பரவிற்று. அவர்கள் சூட்டை உள்ளே கட்டிவைக்கிறார்கள். நாம் வெளியே நிறுத்திவைக்க விரும்புகிறோம். இருவருக்கும் உதவுவது அசையாத காற்றே.

நாட்டு ஓட்டிலும் இந்த நுட்பம் உண்டு. குயவர் திரிகையில் வனைந்து பிளந்த அரைவட்ட ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இடையிடையே காற்று தங்குகிறது. 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்பார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். அச்சில் வார்த்து, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்தச் சிவந்த தட்டை ஓடு மேற்குக் கடற்கரையிலிருந்து தென்னாடெங்கும் பரவிற்று. ஒழுகாது, இலேசானது, குரங்கு எளிதில் கலைக்காது. ஆனால் அது ஒரே ஓர் அடுக்கு. நண்பகலில் அதன் அடியில் கையை நீட்டினால் அடுப்பின் முன் நீட்டியதுபோலிருக்கும். மழைக்கு நாம் பெற்ற இலாபத்தை வெயிலுக்குக் கொடுத்துவிட்டோம்.

நகரத்து மாளிகைகள் வேறு வழியில் சென்றன. சென்னைத் தளம் என்று பொறியாளர்கள் இன்றும் சொல்லும் மட்டப்பாவை நினைத்துப் பாருங்கள். தேக்கு விட்டங்களின்மேல் சிறிய மெல்லிய செங்கற்களைக் குறுக்குச் சாய்வில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். மேலே தட்டோடு. தென்பாண்டிச் சீமையில் தட்டட்டி என்பார்கள். அத்தகைய தளத்தின் கீழ்ச் சித்திரை மாதத்திலும் பகலுறக்கம் கொள்ளலாம். கான்கிரீட்டு வந்தபின் அந்தத் தட்டும் ஓசை ஓய்ந்தது. பரணும் சன்னல் மட்டத்துக்குச் சற்று மேலே நீட்டிய ஒரு கான்கிரீட்டுப் பலகையாய்ச் சுருங்கி, லாப்ட் என்ற பெயரையும் பெற்றுக்கொண்டது.

பரணுக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விட இயலாது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய கதையை யாவரும் அறிவர். 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அவர் அச்சேற்றினார். 1940 முதல் ஆனந்த விகடனில் அவர் எழுதிவந்த ‘என் சரித்திரம்’ இந்தத் தேடலை விரிவாகச் சொல்கிறது. திருநெல்வேலியில் கவிராயர் இல்லத்துச் சுவடிகள் தூசியின்றி, சீராக அடுக்கிக் கட்டப்பட்டிருந்ததைக் கண்டு அவர் மகிழ்ந்தார். கரிவலம்வந்தநல்லூரிலோ பழைய ஏடுகளை நெருப்பில் இட்டுவிட்டதாகக் கேட்டு மனம் நொந்தார். ஏடு வாழ்வதும் மாள்வதும் அது வைக்கப்பட்ட இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இவ்விரண்டு ஊர்களும் போதும்.

ஓலை நுட்பமான பொருள். ஈரம் மிகுந்தால் பூஞ்சை படரும். வறட்சி மிகுந்தால் நொறுங்கும். பூச்சிக்கு அது விருந்து. தஞ்சைச் சரசுவதி மகாலில் வசம்பு முதலிய மணப்பொருள்களைப் பொடித்துத் துணியில் கட்டிச் சுவடிகளினிடையே வைத்தார்கள். எளிய குடும்பங்களில் சமையலறைப் புகையே அந்த வேலையைச் செய்தது. எங்கள் மச்சும் சமையலறையை ஒட்டியிருந்தது. பாட்டனார் காலத்துப் புகை பலகையில் கருமையாய்ப் படிந்திருந்ததை நானே சுரண்டி எடுத்தேன்.

அந்த மச்சில் ஒரு மரப்பெட்டியில் பதினொரு சுவடிக் கட்டுகள் இருந்தன. பாட்டனாரின் தகப்பனார் ஊர்க்கணக்கு எழுதியவர். நிலவரிக் கணக்கு ஏழு கட்டு, மருத்துவ வாகடம் மூன்று, சாதகக் குறிப்பு ஒன்று. மண்ணை அள்ளியபோது பெட்டியை இறக்கினேன். வேலை முடிந்ததும் அதே இடத்தில் வைத்தேன். அடுத்த ஆண்டு விறகடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்தது. பெட்டியை மறந்தேன். 1996-இல் ஆய்வாளர் ஒருவர் ஊர்க்கணக்கைப் பார்க்க விரும்பிக் கேட்டபோதுதான் ஏறித் திறந்தேன். கயிற்றை அவிழ்த்ததும் மேலோலைகள் சுட்ட அப்பளம்போல் உடைந்தன. அடிக்கட்டுகளைப் பூச்சி துளைத்திருந்தது. ஏழு கணக்குக் கட்டுகளில் எழுத்துத் தெரியும்படி மிஞ்சியவை இரண்டு, வாகடத்திலும் இரண்டு.

அத்தை அப்போது எங்களோடு இருந்தார். திண்ணையில் நான் பரப்பிய துண்டுகளை நெடுநேரம் பார்த்தார். “ஏண்டா, மண்ணை இறக்கினாய், புகையை நிறுத்தினாய், ஏட்டை மட்டும் மேலேயே விட்டுவிட்டாயே!” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறு ஆண்டு மச்சை நானே திரும்ப அமைத்தேன். தச்சர் ஒருவர் முதல் இரண்டு நாள் வழிகாட்டினார். கட்டைகளைச் சுத்தியால் தட்டி ஓசை பார்த்து, செல்லரித்த மூன்றை மாற்றினோம். நூறு சதுர அடியில் ஈரங்குல மண் பரப்பினால் ஏறத்தாழ முக்கால் டன் சுமை ஏறும். பாட்டனார் கட்டைகளை ஏன் அவ்வளவு நெருக்கி இட்டார் என்பது அந்தக் கணக்கைப் போட்டபோதுதான் விளங்கிற்று. நடுவே ஒரு விட்டம் கூடுதலாகக் கொடுத்தோம். ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் அமரும்படி வேப்பம்பலகை பாவினேன். குளத்து வண்டலையும் செம்மண்ணையும் துண்டித்த வைக்கோலோடு மிதித்து, ஒரு வாரம் புளிக்கவைத்துப் பூசினேன். முதற்பூச்சு வெடித்தது. வெடிப்பில் மண்குழம்பை ஊற்றி, சாணம் கலந்து இரண்டாம் பூச்சு இட்டேன். அதன்மேல் மரச்சட்டங்களை அடுக்கி, பெட்டிகளை நடுவில் குவிக்காமல் சுவரோரமாக அவற்றின்மேல் வைத்தேன். முகட்டுச் சுவர் இரண்டிலும் ஓட்டுக்கடிச் சூடு வெளியேறப் பலகணி திறந்து, அணில் புகாதபடி கம்பிவலை அடித்தேன்.

வேலை முடிந்த முதற் சித்திரையில், வெயில் உச்சியில் இருந்தபோது, கூடத்தில் நாற்காலி போட்டு ஏறி மச்சின் அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு தெரியவில்லை. அத்தையையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு எட்டவில்லை, என் சொல்லை நம்புவதாகச் சொன்னார்.

மிஞ்சிய நான்கு கட்டுகளையும், சாதகக் குறிப்போடு, ஒரு சுவடி நூலகத்திற்குக் கொடுத்துவிட்டேன். மச்சில் இப்போது கொலுப்பொம்மைகளும் பித்தளை அண்டாக்களும் இருக்கின்றன. அந்த மரப்பெட்டியும் அங்கேதான் இருக்கிறது.