முதல் பலகையும் இரண்டாம் பலகையும்

1930இல் ஹாம்பர்க்கில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் 18 நாடுகள் ஆடின. 48½ புள்ளி எடுத்துப் போலந்து தங்கம் வென்றது. ஹங்கேரிக்கு 47, சொந்த மண்ணில் ஆடிய ஜெர்மனிக்கு 44½. நாடாக மீண்டும் எழுந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த போலந்துக்கு அது பெரிய கௌரவம். வேடிக்கை என்னவென்றால், அந்த அணியின் முதல் இரண்டு ஆட்டக்காரர்களுமே போலந்தில் வாழாதவர்கள். முதல் பலகையில் ஆடிய அகிபா ரூபின்ஸ்டைன் பெல்ஜியத்தில் குடியிருந்தார். இரண்டாம் பலகையில் ஆடிய சவியெலி தார்த்தகோவருக்குப் பாரிஸ்தான் ஊர். அவருக்குப் போலிஷ் மொழியே சரியாக வராது.

இந்த இருவரைப் பற்றியும் செஸ் எழுத்தாளர்கள் ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். ரூபின்ஸ்டைன் துயரக் கலைஞர், தார்த்தகோவர் நகைச்சுவையாளர். ஒருவரைக் கும்பிட வேண்டும், மற்றவரை ரசித்துச் சிரிக்க வேண்டும். இந்தப் பங்கீடு பாதிதான் சரி என்பது என் எண்ணம். இரு போர்களுக்கு நடுவிலான இருபது ஆண்டுகளைப் போலந்தின் பக்கம் நின்று பார்த்தால், கனமான சுமையைத் தூக்கியவர் சிரிக்க வைத்தவர்தான்.

ரூபின்ஸ்டைன் 1880இல், அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த ஸ்தாவிஸ்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். யூத மத குருமார் வழிவந்த குடும்பம். அவரும் தால்மூத் படித்து அதே வழியில் போவார் என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். பதின்ம வயதில்தான் செஸ் கற்றுக்கொண்டார். மேதைகளின் கணக்கில் அது மிகத் தாமதம். பிறகு தொழில் நகரமான வூச் போய் அங்கிருந்த வலுவான ஆட்டக்காரர் சால்வேயுடன் மோதி மோதித் தேறினார். தார்த்தகோவர் பிறந்தது 1887இல், ரஷ்யாவின் ரஸ்தோவில். ஜெனீவாவிலும் வியன்னாவிலும் சட்டம் படித்தார். 1911இல் அவருடைய பெற்றோர் கொள்ளையர்களால் கொல்லப்பட்டார்கள். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் போரிட்டார். பின்னாளில் எல்லோரையும் சிரிக்க வைத்த மனிதரின் முன்கதை இது. சோகம் ரூபின்ஸ்டைனின் தனிச்சொத்து என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ரூபின்ஸ்டைனின் உச்சம் போருக்கு முன்பே வந்துவிட்டது. 1909இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உலக சாம்பியன் லாஸ்கருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1912 என்ற ஒரே ஆண்டில் சான் செபாஸ்தியான், பிஷ்தியான், பிரெஸ்லாவ், வார்சா, வில்னியுஸ் என ஐந்து போட்டிகளில் முதலிடம். லாஸ்கருடன் உலகப் பட்டத்துக்கு மோதுவதாகப் பேச்சு நடந்தது. அதற்கு வேண்டிய பணத்தைத் திரட்டுவதே பெரும்பாடாக இருந்தது. 1914 வசந்தத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இறுதிச் சுற்றுக்குக்கூடத் தகுதி பெறவில்லை. அதே ஆண்டு போர் மூண்டது, பட்டப் பேச்சும் அதோடு போயிற்று. போருக்குப் பிந்தைய ரூபின்ஸ்டைன் உடைந்துபோன மனிதர் என்று பலரும் எழுதுகிறார்கள்.

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியுமா? 1922 வியன்னா போட்டியில் 14 ஆட்டங்களில் 11½ எடுத்து அவர் முதலிடம் பெற்றார். விரைவில் உலக சாம்பியனாகப் போகும் அலேகின் அதில் அவருக்குப் பின்னால்தான் நின்றார். இரண்டாம் இடம் யாருக்கு? தார்த்தகோவருக்கு. 1927இல் வூச்சில் நடந்த போலந்து சாம்பியன்ஷிப்பிலும் இதே வரிசை: ரூபின்ஸ்டைன் முதல், தார்த்தகோவர் இரண்டு. 1930இல் சான் ரெமோவில் அலேகினுக்கும் நிம்சோவிச்சுக்கும் அடுத்து மூன்றாம் இடம். பிறகு ஹாம்பர்க். 17 ஆட்டங்கள், 13 வெற்றி, 4 டிரா, தோல்வியே இல்லை. ஒவ்வொரு நாட்டின் முதல் ஆட்டக்காரரையும் எதிர்கொண்டு ஐம்பது வயதை எட்டவிருந்தவர் எடுத்த கணக்கு அது.

உடைந்தது ஆட்டம் அல்ல, மனம். மனிதர்களைக் கண்டாலே ஒடுங்கும் அச்சம் அவரை ஆண்டுக்கு ஆண்டு இறுக்கிப் பிடித்தது. காயை நகர்த்தியதும் எதிராளிக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று எழுந்து மூலையில் போய் நின்றுகொள்வார் என்கிறார்கள். கதவு தட்டப்பட்டால் ஜன்னல் வழியே ஓடுவார் என்ற கதையும் உண்டு. அதை நான் நம்பத் தயங்குகிறேன், செஸ் உலகம் கதை கட்டுவதில் கைதேர்ந்தது. 1931இல் பிராக் ஒலிம்பியாடில் மறுபடி முதல் பலகை, போலந்துக்கு வெள்ளி. பஞ்சாபிலிருந்து வந்து பிரிட்டனுக்காக ஆடிய சுல்தான் கான் அங்கே அவரைத் தோற்கடித்தார். 1932க்குப் பிறகு ரூபின்ஸ்டைன் போட்டி மேடை ஏறவில்லை.

இருவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரூபின்ஸ்டைனுக்குப் பலகையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. தன் ஆட்டங்களைத் தொகுத்து அவர் நூல் எழுதவில்லை. 1933இல் ஹான்ஸ் க்மோக்தான் அந்த வேலையைச் செய்தார். தார்த்தகோவருக்கோ செஸ் ஒரு தொழில். போட்டியில் ஆடுவார், அதே போட்டியைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுவார், அதே ஆட்டங்களைப் புத்தகமாக்குவார். அவர் ஜெர்மனில் எழுதிய 'ஹைப்பர்மாடர்ன் செஸ் ஆட்டம்' 1920களின் புதிய சிந்தனைக்கே சாசனம் போல ஆயிற்று. ஒரு போட்டி சொதப்பினால் அதை வைத்தே ஒரு கட்டுரை எழுதி அடுத்த ஊருக்கு ரயில் ஏறிவிடுவார். சூதாட்டத்தில் பணத்தை விட்ட கதைகளும் ஏராளம்.

1924இல் நியூயார்க் போட்டி நடந்தபோது விலங்குக் காட்சிசாலைக்குப் போய், சூசன் என்ற ஒராங்குட்டானிடம் அடுத்த ஆட்டத்துக்கு யோசனை கேட்டதாக அறிவித்தார். மறுநாள் மரோட்சிக்கு எதிராக, ராணிப் பக்கக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை முதல் நகர்த்தலிலேயே இரண்டு கட்டம் தள்ளினார். ஆட்டம் டிரா. அந்தத் தொடக்கத்துக்கு ஒராங்குட்டான் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1929இல் பார்சிலோனாவில் உள்ளூர் மரியாதைக்காக ஒரு தொடக்கம் உருவாக்கித் தரச் சொன்னார்கள். கத்தலான் பிறந்தது. ஒன்று கேலி, மற்றது இன்றும் உலகப் பட்டப் போட்டிகளில் ஆடப்படும் ஆழமான முறை. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரூபின்ஸ்டைனின் ஆட்டத்தில் இப்படிப்பட்ட விளையாட்டுத்தனம் கிடையாது. தொடக்கத்தில் அவர் வைக்கும் சிப்பாயே இறுதியாட்டத்தை மனதில் வைத்து நிற்கும். யானைகள் மட்டும் மிஞ்சிய இறுதியாட்டங்களில் அவருக்கு ஈடு அன்று யாரும் இல்லை. 1909இல் ஸ்பீல்மனை வென்ற ஆட்டத்தைப் பயிற்சியாளர்கள் இன்றும் பாடமாகக் காட்டுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடவுள் தொடங்கிவைத்த ஆட்டத்தின் யானை இறுதியாட்டம்தான் ரூபின்ஸ்டைன் என்ற பொருளில் தார்த்தகோவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. வியன்னாவிலும் வூச்சிலும் அவருக்குப் பின்னால் இரண்டாவதாக நின்றவர் இப்படிச் சொல்லியிருந்தால் அதில் பொறாமை துளியும் இல்லை.

ரூபின்ஸ்டைன் விலகிய பிறகு போலந்து அணியின் முதல் பலகை தார்த்தகோவருக்கு வந்தது. 1933, 1935, 1937, 1939 ஒலிம்பியாடுகளில் போலிஷ் சரியாக வராத அந்த மனிதர்தான் போலந்துக் கொடியின் கீழ் முன்னால் உட்கார்ந்தார். வார்சாவிலும் ஸ்டாக்ஹோமிலும் வெண்கலம். 1935, 1937 ஆண்டுகளில் தேசிய சாம்பியனும் அவரே. அணியின் இளம் ஆட்டக்காரர் நைடோர்ஃப் அவரைத் தன் ஆசானாகவே மதித்தார். 1939இல் புவெனஸ் ஐரிஸில் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்தபோது ஜெர்மனி போலந்தைத் தாக்கியது. இரு நாட்டு அணிகளும் மோத வேண்டிய சுற்று ஆடப்படாமலே 2-2 என்று முடிக்கப்பட்டது. ஜெர்மனிக்குத் தங்கம், போலந்துக்கு வெள்ளி.

நைடோர்ஃபும் ஹாம்பர்க் அணியில் இருந்த ஃப்ரிட்மனும் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார்கள். ஹாம்பர்க்கில் ஆடிய இன்னொருவர், ப்ஷெப்யூர்கா, வார்சாவில் நாஜிகளிடம் சிக்கி 1940இல் பால்மிரியில் கொல்லப்பட்டார். ஐம்பதைத் தாண்டிய தார்த்தகோவர் ஐரோப்பா திரும்பி, கார்த்தியே என்ற பெயரில் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். ரூபின்ஸ்டைன் பெல்ஜியத்திலேயே உயிர் பிழைத்தார்.

1950இல் உலக செஸ் அமைப்பு முதன்முறையாக அதிகாரபூர்வ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியபோது 27 பேரில் இருவரும் இருந்தார்கள். ஒருவர் ஆட்டத்தை விட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன; மற்றவர் அதே ஆண்டு துப்ரோவ்னிக்கில் பிரான்சுக்காக ஆடிக்கொண்டிருந்தார். தார்த்தகோவர் 1956இல் பாரிஸில் இறந்தார், ரூபின்ஸ்டைன் 1961இல் ஆண்ட்வெர்ப்பில்.

தொடக்க ஆட்ட நூல்களைத் திறந்தால் இருவர் பெயரும் பக்கத்துக்குப் பக்கம் வரும். நிம்சோ-இந்தியத் தற்காப்பில் ராஜா சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தும் ரூபின்ஸ்டைன் முறையில்தான் 1938இல் போத்வின்னிக் காபாபிளாங்காவை வென்றார். ராணிச் சிப்பாய் ஆட்டங்களில் கறுப்புக்கு மிக உறுதியானதென்று பெயரெடுத்த தற்காப்பு தார்த்தகோவருடையது. 1972இல் ரெய்க்யவிக்கில் ஃபிஷருக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் ஸ்பாஸ்கி நம்பியது அதைத்தான். ஸ்பாஸ்கி தோற்றார். ஆனாலும் அந்தத் தற்காப்பை ஆட்டக்காரர்கள் கைவிடவில்லை.